அச்சும் மையும் கத்திரிக்கோலும்: பண்டிகை அலங்காரத்தின் பழைய கணக்கு

நம் சங்கத்தின் வருடக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், தோட்டக்காரர் சம்பளம் இவற்றுக்கெல்லாம் கீழே ‘விழா அலங்காரம்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். பொங்கல், சுதந்திர தினம், நவராத்திரி, கிறிஸ்துமஸ் எல்லாம் அதில் அடக்கம். வவுச்சர்களைப் புரட்டினால் தெர்மோகோல் பானை, பிளாஸ்டிக் தோரணம், ஜிகினாச் சரம், ஃபிளெக்ஸ் பேனர். விழா முடிந்த மறுநாள் காலை அத்தனையும் கேட்டுக்குப் பக்கத்தில் குப்பை வண்டிக்காகக் காத்திருக்கும். வங்கியில் காலமெல்லாம் பேரேடு பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நூறு சதவீதத் தேய்மானம் உள்ள சொத்தை நாம் வருடத்துக்கு நாலு முறை வாங்குகிறோம்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும், அலங்காரத்துக்கான தெர்மோகோலும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கொடிக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை உண்டு. ஆகவே நாம் வாங்கும் பொருளில் பாதி, கடைக்காரர் விற்கக்கூடாதது, நாம் கட்டக்கூடாதது.

சென்ற கூட்டத்தில் இளம் தாய்மார்கள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். வருகிற பொங்கலுக்குக் குழந்தைகளே ரப்பர் ஸ்டாம்பு, மை, வண்ணக் காகிதம், வெட்டு அச்சு ஆகியவற்றைக் கொண்டு தோரணமும் வாழ்த்து அட்டையும் செய்யட்டும் என்பது யோசனை. உடனே ஒரு எதிர்ப்பும் வந்தது: “அது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு. நமக்கு எதற்கு? அந்தப் பெட்டி ஒன்றின் விலை என்ன தெரியுமா?” விலையைப் பற்றிப் பிறகு பேசலாம். அது யாருடைய பொழுதுபோக்கு என்ற கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ‘அச்சு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளைப் பத்தாக, நூறாக, ஒரே மாதிரி ஆக்கித் தரும் எதற்கும் நமக்கு அது ஒன்றே பெயர். அச்சு வெல்லம், அச்சு முறுக்கு, அச்சுப் புத்தகம். கிறிஸ்துமஸுக்கு நம் கீழ்த்தள வீட்டிலிருந்து வரும் அச்சு முறுக்கை நினைத்துப் பாருங்கள். காய்ந்த எண்ணெயில் சூடேற்றிய அச்சை மாவில் தோய்த்து மறுபடி எண்ணெயில் விடுகிறார்கள். மாவு மை, எண்ணெய் காகிதம் என்று வைத்துக்கொண்டால் அதுவும் ஒரு முத்திரை வேலைதான். வாசலுக்கு வந்தால் கோல அச்சு: துளையிட்ட தகரத் தட்டில் மாவை நிரப்பித் தரையில் தட்டினால் தாமரை விழும். அதையே உருளையாக்கி உருட்டினால் கோலக் குழல். திண்ணை நெடுக ஒரு கரை ஓடிவிடும். மார்கழி முழுக்க நாலு மணிக்கு எழுந்து புள்ளி வைத்துக் கோலம் போட்டவர்கள் இந்தத் தகரத் தட்டைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். என் அத்தை அதைச் ‘சோம்பேறிக் கோலம்’ என்பார். ஆனால் வீட்டில் கல்யாணம் என்றால் அவரே அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வருவார்.

வெட்டு வேலைக்கும் நாம் புதியவர்கள் அல்ல. தென்னங்குருத்தைக் கீறி, மடித்து, கிளியும் பூவுமாகத் தொங்கவிடும் குருத்தோலைத் தோரணத்தை எந்தக் கோயில் வாசலிலும் இன்றைக்கும் பார்க்கலாம். கருவி ஒரு சூரிக்கத்தி மட்டும்தான். மறுநாள் மாட்டுக்குத் தீனி. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடச் சுத்தமான வரவு செலவு கிடையாது.

இதெல்லாம் வீட்டு அளவில். ஊர் அளவில் என்ன நடந்தது என்று சொல்ல என் சொந்த ஊரைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஊர் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்று அணைக்கட்டும், எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அதன் அடையாளம். கும்பகோணத்துக்குக் காரில் போகிறவர்கள் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு எங்கள் ஊரைத் திட்டியிருப்பீர்கள். நீங்கள் சென்னையில் குடிக்கும் வீராணம் தண்ணீரும் அங்கே நீரேற்றப்பட்டுத்தான் வருகிறது. சோழன் முதலாம் பராந்தகன் வெட்டிய ஏரி, 2004-இல் குழாய் வழியாக நம் வீட்டுக்கு வந்தது.

சேத்தியாத்தோப்புக்காரர்களுக்குப் பெரிய திருவிழா என்றால் சிதம்பரம். ஆனியிலும் மார்கழியிலும் தேர். தேரைப் பார்க்கிறவர்கள் சுவாமியையும் வடத்தையும் பார்ப்பார்கள். சிறுவயதில் என் கண் போனது தொங்கும் துணிகள் மேல். உருளை வடிவில் ஆடும் தொம்பை, விதானம், குடை, சீலை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சைத் துணிகளைத் தாமரையாகவும் யாளியாகவும் வெட்டி, வேறொரு துணியின் மேல் வைத்துத் தைத்த வேலை அது. இன்றைக்கு ‘டை கட்’ என்று பெட்டியில் போட்டு விற்கிறார்களே, ஒரு வண்ணத்தில் உருவத்தை வெட்டி இன்னொரு வண்ணத்தின் மேல் ஒட்டுவது, அதைத்தான் தஞ்சைப் பகுதித் தையல்காரர்கள் ஆள் உயரத்துக்குச் செய்தார்கள்.

எங்கள் ஊரிலிருந்து அதே கும்பகோணம் சாலையில் தெற்கே போனால், அணைக்கரை பக்கம், கொள்ளிடத்தின் வடகரையில் கோடாலிக்கருப்பூர் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்குச் சேலையும் தலைப்பாகைத் துணியும் செய்த ஊர். தறியில் சரிகை வைத்து நெய்த பிறகு, மெழுகால் மறைத்துச் சாயம் ஏற்றுவார்கள். ஒரே துணியில் நெசவும் சாய ஓவியமும். தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் 1855-இல் வாரிசில்லாமல் இறந்தார், கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. வாங்குகிற அரண்மனை போனதும் அந்தச் சேலையும் கொஞ்ச காலத்தில் நின்றுபோயிற்று. இப்போது அதைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஆனால் கோயிலுக்கு எழுதும் கலம்காரி நிற்கவில்லை. கோயில் இருந்தது, தேர் இருந்தது, தொம்பை வேண்டியிருந்தது. கருப்பூர் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே வட்டாரம், ஒரே சாயம். ஒன்று பிழைத்தது, ஒன்று போனது. ஒன்றுக்கு ஒரே வாடிக்கையாளர், மற்றதற்கு ஊருக்கு ஒரு கோயில். வணிகவியல் வகுப்பில் மூன்று வருடம் சொல்லித் தந்ததை இந்த இரண்டு துணியும் சொல்லிவிடுகின்றன.

இனி ரப்பர் ஸ்டாம்பு. இதில்தான் எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முத்திரை என்றால் ரப்பருக்கு முன்னால் பித்தளையும் அரக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த 80-களில்கூட பணப் பைக்கும், இன்ஷூர் செய்த தபால் உறைக்கும் அரக்கு உருக்கி ஊற்றிப் பித்தளை முத்திரை வைப்போம். மெழுகுவர்த்தியில் அரக்குக் குச்சி உருகும் வாசனை வந்தால், மணி நாலாகப் போகிறது என்று அர்த்தம். மற்றதெல்லாம் ரப்பர். ‘ரொக்கம் பெறப்பட்டது’ ஒன்று, ‘டிரான்ஸ்ஃபர்’ ஒன்று, ‘அக்கவுண்ட் பேயி ஒன்லி’ என்று காசோலையின் மூலையில் சாய்வாக விழும் இரட்டைக் கோடு ஒன்று. காலையில் முதல் வேலை தேதி முத்திரையின் பல்சக்கரத்தை ஒரு நாள் தள்ளுவது. மாலையில் கடைசி வேலை எல்லா முத்திரைகளையும் எண்ணிப் பெட்டியில் பூட்டுவது. ஒரு ரப்பர் துண்டு கை மாறினால் யாருக்கோ பணம் போய்விடும் என்பதால், அந்தப் பெட்டிக்குப் பணப்பெட்டிக்கு உள்ள மரியாதை உண்டு.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் வெடிக்காது என்று 1839-இல் கண்டார். 1844-இல் காப்புரிமை பெற்றார். அதை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் பல் வைத்தியர்களும் உண்டு, பொய்ப்பல் செட்டின் அடிப்பாகம் செய்வதற்கு. அதற்கென்று அவர்கள் ஒரு சிறிய வேக வைக்கும் பாத்திரம் வைத்திருந்தார்கள். 1860-களில் அமெரிக்காவில் ரப்பர் முத்திரை செய்யத் தொடங்கியவர்கள் அந்தப் பாத்திரத்தைத்தான் கடன் வாங்கினார்கள். ஆக, உலகத்தின் முதல் ரப்பர் ஸ்டாம்புகள் பல் செட்டோடு ஒரே அடுப்பில் வெந்தவை.

கதை அங்கே நின்றிருந்தால் வெள்ளைக்காரர்கள் கதை என்று விட்டுவிடலாம். ரப்பர் மரம் பிரேசில் காட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் சுமார் 70,000 விதைகளை அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் ரிட்லி வகுத்த பிறகு மலாயா முழுக்கத் தோட்டம். தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஆள் எங்கிருந்து போனார்கள் என்பது உங்களில் பலருக்குக் குடும்பக் கதையாகவே தெரிந்திருக்கும். கங்காணிகள் ஊர் ஊராக வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏற்றினார்கள். விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போனவர்களில் எத்தனை தமிழர்கள் என்று பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கேட்டால் தெரியும். லண்டன் வங்கியின் மேசையிலும் சென்னைக் கலெக்டர் ஆபீஸிலும் ‘டப்’ என்று விழுந்த முத்திரையின் பால் நம் ஆட்கள் வெட்டியது. அந்த ரப்பரை ‘அவர்களுடையது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஸ்டாம்பு பேடு ஏன் எப்போதும் ஊதா நிறம் என்று யோசித்திருக்கிறீர்களா? 1856-இல் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்குக் கொய்னா தயாரிக்கப் போய், தார் எண்ணெயிலிருந்து தற்செயலாக ஒரு ஊதாச் சாயத்தைக் கண்டான். அதிலிருந்து அனிலின் சாயங்கள் வரிசையாக வந்தன. 1861-இல் பிரான்சில் வந்த மெத்தில் வயலெட் மலிவு, அடர்த்தி, தண்ணீரில் கரையும். அதைக் கிளிசரினோடு கலந்தால் பேடு காயாது, தாளில் வைத்தால் உடனே ஊறிவிடும். நூறு வருடமாக நம் ஆவணங்கள் ஊதாவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் அதே சாயத் தொழில் எங்கள் ஜில்லாவின் வயிற்றில் அடித்தது. அப்போது எங்கள் ஊர் தென்னாற்காடு ஜில்லா. சென்னை மாகாணத்தில் அவுரி அதிகம் விளைந்த ஜில்லாக்களில் ஒன்று. அவுரிச் செடியைத் தொட்டியில் ஊறவைத்து, அடித்து, படிந்த நீலத்தைக் கட்டியாக்கி ஏற்றுமதி செய்தார்கள். பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் நீலத் துணியை ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் அனுப்பினார்கள். 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அவுரித் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் கொஞ்சம் அவுரி விளைகிறது, இயற்கைச் சாயம் கேட்கிறவர்களுக்காக. நம் குழந்தைகள் கையில் நீல மை பேடு கொடுக்கும்போது இதை ஒரு வாக்கியமாவது சொல்லிக் கொடுங்கள்.

இனி அட்டைக்கு வருவோம். அச்சடித்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-இல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் என்ற அரசாங்க அதிகாரிக்குக் கடிதம் எழுத நேரமில்லை. ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வாங்கி அச்சிட்டு, மிஞ்சியதை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார். மூன்று வருடத்துக்கு முன்புதான் ஒரு பென்னி தபால் வந்திருந்தது. தபால் மலிந்தால்தான் வாழ்த்து பெருகும். நம் நாட்டிலும் அப்படியே. 1879 ஜூலை 1 அன்று காலணா போஸ்ட் கார்டு வந்த பிறகுதான் சாதாரண மனிதர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் பணக்காரக் குழந்தைகள் ஜெர்மனியில் அச்சாகி, விளிம்பு வெட்டி, புடைப்பாக வந்த தேவதைப் படங்களை வாங்கி ஒட்டி விளையாடினார்கள். நாம் இப்போது ‘டை கட்’ என்பதற்கு அதுவே தாத்தா. அதே ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊர்ப் பள்ளியில் 1830-களில் மாணவர்களுக்கு ஜியோமிதி பாடமாகக் காகிதத்தில் செய்யச் சொன்ன நட்சத்திரம், பிறகு வீடு வீடாகத் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமாயிற்று.

பொங்கல் வாழ்த்து அட்டை நம்முடைய சொந்தச் சரக்கு. தீபாவளிக்கு அட்டை போட்டவர்கள் குறைவு, பொங்கலுக்குப் போடாதவர்கள் குறைவு. இதற்கு அரசியலும் ஒரு காரணம். பொங்கலைத் தமிழர் திருநாள் என்று தனித் தமிழ் இயக்கத்தாரும் திராவிட இயக்கத்தாரும் தூக்கிப் பிடித்தார்கள். சாதி, மதம் பார்க்காமல் யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லக்கூடிய நாளாக அது ஆயிற்று. 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியதும் ஜனவரி 14 அன்றுதான். அட்டையில் பானை, கரும்பு, ஏர் உழவன், உதயசூரியன்; கட்சிக்காரர் இல்லாதவர் வாங்கினாலும் சூரியன் வந்துவிடும், பொங்கல் சூரியனுக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு அடுக்கில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும். பெரும்பாலும் சிவகாசிச் சரக்கு. 1923-இல் தீப்பெட்டி செய்யத் தொடங்கிய ஊர், தீப்பெட்டி லேபிளுக்காக அச்சு இயந்திரம் வாங்கி, பிறகு நாட்டுக்கே காலண்டரும் வாழ்த்தட்டையும் அடித்தது.

சிவகாசி அட்டை விலை கொஞ்சம் கூட. எங்கள் பக்கத்துச் சின்ன அச்சகங்கள் வேறு மாதிரி செய்தன. காலால் மிதிக்கும் டிரெடில் இயந்திரம். துத்தநாகப் பிளாக்கில் ஒரு பானை, ஒரு ஜோடிக் கரும்பு. கீழே ஈய எழுத்துக் கோத்து ‘பொங்கல் வாழ்த்து’, அதற்குக் கீழே கடையின் பெயர். அந்த இயந்திரத்திலேயே எழுத்துக்குப் பதில் கத்தித் தகட்டை வளைத்துப் பலகையில் இறுக்கி வைத்தால், அதே மிதியில் அட்டை பானை வடிவத்தில் வெட்டி விழும். இயந்திரம் ஒன்று, வேலை இரண்டு. அச்சடிக்கவும் அதே அழுத்தம், வெட்டவும் அதே அழுத்தம்.

அதற்கும் வசதி இல்லாதவர்கள் ரப்பர் ஸ்டாம்புக்காரரிடம் போவார்கள். சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்படி ஒருவர் இருந்தார். வங்கி வேலையாக நான் அடிக்கடி போவேன், அதனால் முழு வேலையையும் பார்த்திருக்கிறேன். முதலில் ஈய எழுத்தைக் கோப்பார். அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி இருக்கும். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அழுத்துவார். பள்ளத்தில் எழுத்து நேராகப் படிக்க வரும். காய்ந்ததும் பச்சை ரப்பர் தகட்டை அதன் மேல் வைத்து, திருகு அழுத்தியில் இறுக்கி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஏற்றுவார். கந்தக நெடி சந்து முழுக்க அடிக்கும். எடுத்துப் பார்த்தால் ரப்பரில் எழுத்து மறுபடி தலைகீழ். தாளில் குத்தினால் நேர். விளிம்பை பிளேடால் சீவி, மரக் கைப்பிடியில் ஒட்டிக் கொடுப்பார். மார்கழி கடைசியில் அவருக்கு ஆபீஸ் வேலையைவிடப் பானை, கரும்பு, கோலம் வேலை அதிகம். பள்ளி வாத்தியார்கள், வாசகசாலைக்காரர்கள், சின்னக் கடைக்காரர்கள் ஒரு பானை முத்திரை வாங்கிப் போவார்கள். ஐம்பது வெறும் போஸ்ட் கார்டு, ஒரு மை பேடு, ஒரு ராத்திரி. ஐம்பது வீட்டுக்கு வாழ்த்து போய்விடும். ஊதாப் பானைக்கு மேல் மஞ்சள் தண்ணீரைப் பஞ்சால் தொட்டுச் சூரியன் வைப்பவர்களும் உண்டு. மஞ்சள் பட்ட இடத்தில் ஊதா கொஞ்சம் கசிந்து, பானை பொங்குவதுபோலவே இருக்கும். எங்கள் கிளையில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அப்படித்தான் செய்தோம். வாடிக்கையாளர்களில் எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைக்கிற கரும்பு விவசாயிகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் அந்தப் பானையைப் படிக்கத் தெரிந்தது. பொங்கல் கழித்துப் பணம் எடுக்க வருகிறபோது மடியிலிருந்து கார்டை எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் பெயருக்கு வங்கியிலிருந்து வந்த கடிதங்களில் கடன் கேட்காத கடிதம் அது ஒன்றுதான்.

அச்சிட்ட அட்டையை உறையில் போட்டு, ஒட்டாமல், மடலை உள்ளே செருகி ‘புக் போஸ்ட்’ என்று எழுதினால் தபால் தலை குறைவு. உறையை ஒட்டிவிட்டால் முழுக் கட்டணம். இதற்காகவே பொங்கல் வாரத்தில் எந்த வீட்டிலும் கோந்து வேலை கிடையாது. தபால்காரர் அந்த வாரம் இரண்டு பை சுமப்பார். வந்த அட்டைகளை நூலில் கோத்து, கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் கட்டினால் அதுவே தோரணம். வீட்டு அலங்காரத்தை ஊரார் தபாலில் அனுப்பினார்கள் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இது எப்படி நின்றது என்பதற்கு ஒரு தேதி சொல்லலாம். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் உலகின் முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். அதில் இருந்த வாசகம் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’. வாழ்த்து அட்டையை முடிக்க வந்த கருவி பேசிய முதல் வார்த்தையே ஒரு வாழ்த்து! பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. பண்டிகை நாளில் மட்டும் குறுஞ்செய்திக்குச் சலுகை கிடையாது என்று தொலைபேசி நிறுவனங்கள் கறார் பண்ணிய காலம் நினைவிருக்கும். பிறகு வாட்ஸ்அப்பில் அதுவும் இலவசம். 2013 ஜூலையில் தந்தியும் போயிற்று. டிரெடில் இயந்திரங்கள் எடைக்குப் போயின, பானை பிளாக்குகளும் துத்தநாக விலைக்கு. ஸ்டாம்புக்காரர்கள் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். ஒளியில் இறுகும் பாலிமர், மை உள்ளேயே இருக்கும் முத்திரை, அரை மணியில் தயார். வங்கியிலும் முத்திரை குறைந்துவிட்டது. நான் ஓய்வு பெறும் காலத்தில் பாஸ்புக்கை இயந்திரம் அச்சடித்தது, காசோலை படமாகப் போயிற்று.

நிலைமை இப்படி இருக்க, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆபீஸ் கைவிட்ட ரப்பர் ஸ்டாம்பைக் கைவேலைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பூ, நட்சத்திரம், மான் என்று முத்திரை, விதவிதமான மை, கையால் சுற்றும் சின்ன உருளை அழுத்தியில் எஃகு வெட்டு அச்சு. யூடியூபில் நம் பிள்ளைகள் பார்ப்பது அதுதான். அது அங்கிருந்து வருவது உண்மை. அவர்கள் திருப்பி அனுப்புவது நாம் எடைக்குப் போட்டதை, பளபளப்பான பெட்டியில் போட்டு, பத்து மடங்கு விலைக்கு. எதிர்ப்புச் சொன்ன நண்பரின் இரண்டாவது வாதம் நியாயமானது என்று இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். பெட்டி வாங்க வேண்டியதில்லை.

பிறகு எதை வாங்குவது? வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து மூலைப் பூ முத்திரை தயார். உருளைக்கிழங்கில் பானை வெட்டலாம். ஆனால் நறுக்கிய பக்கத்தைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுக்காவிட்டால் மை வழியும். பெரிய அழிப்பான் ஒன்றில் பெரியவர் யாராவது கத்தி பிடித்துச் செதுக்கினால் அந்த முத்திரை பல வருடம் வரும். தமிழ் எழுத்துச் செதுக்குவதானால் மறக்காமல் இடம் வலம் மாற்றி. மெல்லிய தாளில் எழுதி, அதைக் கவிழ்த்து அழிப்பான் மேல் தேய்த்தால் தானாக மாறிவிடும். ‘வாழ்த்துகள்’ சரியா, ‘வாழ்த்துக்கள்’ சரியா என்று நம் குழுவில் ஏற்கெனவே ஒருமுறை நாற்பது செய்தி ஓடியது. ‘பொங்கல் வாழ்த்து’ என்று ஒருமையில் முடித்தால் செதுக்கும் வேலையும் மிச்சம், சண்டையும் மிச்சம். தோரணத்துக்குப் பளபளப்புக் காகிதமும் மைதாப் பசையும் போதும். ஜிகினாவும், பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளும் வேண்டாம். காகிதம் என்று பெயர்தான், மக்காது. கருவி என்று வாங்குவதானால் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பூ வடிவத் துளை கருவி ஒன்று, மை பேடு மூன்று நிறத்தில் மூன்று. பானைக்கு ஒரு பாலிமர் முத்திரை நம் பகுதி ஸ்டாம்புக் கடையில் செய்துகொள்ளலாம். அந்தக் கடைக்காரருக்கும் பானை செய்து நாளாகியிருக்கும்.

அலங்காரக் குழுவுக்கு நான் கொடுத்திருக்கும் மதிப்பீடு சங்க அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு காகிதத் தோரணம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை. அதற்கு மேல் நம் காவலாளிகள், தூய்மைப் பணியாளர்கள், தோட்டக்காரர், லிஃப்ட் மெக்கானிக், தண்ணீர் லாரி ஓட்டுநர் ஆகியோர் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு அட்டை. இந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். அவர்கள் எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது, வாழ்த்தும் தினமும் வருகிறது. தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பது வேறு.

செய்யும் வேலை மார்கழியின் கடைசி இரண்டு ஞாயிறு மாலைகளில், தரைத்தளக் கூடத்தில். பெரியவர்களில் குருத்தோலை மடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது வேண்டும். மூன்றாம் தளத்து மாமி ஒருவர் சரி என்று சொல்லியிருக்கிறார். பழைய பொங்கல் அட்டைகள் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு அப்படியே திருப்பித் தருவோம். ரசீது கொடுக்கப்படும், ரப்பர் ஸ்டாம்பு வைத்து.